மனிதக் கை படாத ஜாதகம்

மாப்பிள்ளையின் அப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது, கவனித்தீர்களா அக்கா? பெண் பார்க்க வந்தபோது துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காப்பி டம்ளரை இடது கையால் வாங்கியிருப்பான். கேட்டிருந்தால் மிஷினில் மாட்டிவிட்டது என்று சொல்லியிருப்பான். மிஷினும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் கடை ஷட்டரை இழுத்துவிட்டதில் போனது. நான் பக்கத்தில் நின்றேன். அடிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அடித்தோம். ஏன் அடித்தோம் என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டில் பெண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். உள்ளே அவர் படுத்திருக்கிறார். வாதம் வந்து மூன்று வருடமாக இடது பக்கம் வராது, பேச்சும் குழறும். ஆனால் காது மட்டும் நமக்கெல்லாம் மேலே. குணசீலன் என்கிற பேர் காதில் விழுந்தால் போதும், கட்டிலைப் போட்டு உதைப்பார்.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு விசாரிக்க வந்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சரி. நாலு வீட்டில் விசாரிக்காமல் பெண்ணைத் தூக்கிக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். இந்த வீட்டை யார் காட்டியது? சரி, அப்புறம் சொல்லுங்கள். காப்பி போடட்டுமா? வேண்டாமா? அப்படியானால் மோர்.

பையன் சுதாகரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தெருவில் போகும்போது பார்ப்பேன், தலை குனிந்து போவான். அப்பன்தான் திருடன்.

என்ன சொன்னீர்கள்? உங்கள் கோமதிக்கு மூல நட்சத்திரமா?

அடப் பாவமே. பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனார் உயிருக்கு ஆகாது என்று வாசலோடு திருப்பி விடுவார்களே. பதினான்கு இடமா? பதினான்கு இடமும் நட்சத்திரத்தைக் கேட்டதும் ஓடிவிட்டார்களா? பிள்ளை இருபத்தாறு வயதிலும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளா? இவன் மட்டும் ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, உடனே சரி என்றானா?

அக்கா, யோசித்துப் பாருங்கள். மாமனாராக வரப்போகிறவனே அவன்தான். செத்தால் அவன்தான் சாகவேண்டும். உள்ளே ஏதோ ஓட்டை இல்லாமல் எவனாவது மூலத்து மருமகளை வா என்று கூப்பிடுவானா? பையனுக்கு வலிப்பு கிலிப்பு இருக்கும். இல்லாவிட்டால் வெளியூரில் ஏற்கெனவே ஒருத்தி இருப்பாள். எனக்குத் தெரியாது. அந்த ரத்தம் எப்படிப்பட்டது என்றுதான் தெரியும். அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் தவசிலிங்கம் என்றால் அந்தக் காலத்தில் கழுகுமலை வரை தெரியும். இந்த வட்டாரத்துக்கு முதல் கம்ப்யூட்டர் ஜாதகம் கொண்டுவந்தது அவர்தான். நான் சொல்வது இருபது வருடத்துக்கு முந்தி. கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருவார்கள். சில பேர் மிஷினைக் கும்பிடுவார்கள். நான் அதற்கு வெல்வெட்டுத் துணியில் உறை தைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைப்பேன். பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டிவிட்டால் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஜாதகத்தைக் கக்கும். கடைக்கு மேலே பெரிதாக போர்டு. ‘மனிதக் கை படாத ஜாதகம்.’ அது அவர் மூளையில் உதித்த வாசகம்.

எல்லாமே அவர் மூளைதான். மெட்ராஸில் மாம்பலத்தில் ஒரு ஆளிடம் ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். அந்த ஆள்தான் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கிற புரோகிராமை எழுதி வைத்திருந்தார். வேலையை விட்டு வருகிற அன்றைக்கு வாசலில் பையைச் சோதித்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காலத்துப் பிளாப்பி அப்பளம் மாதிரி அகலமாக, மெலிசாக இருக்கும். ஐந்து பிளாப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி, அகல டிபன் டப்பாவின் அடியில் வைத்து, மேலே வாழையிலை போட்டு, எலுமிச்சைச் சாதத்தைப் பரப்பிவிட்டார். காவல்காரன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டானாம். எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருட்டா? என்ன அக்கா இப்படிக் கேட்கிறீர்கள். ஒன்றரை வருடம் உழைத்த இடம். அவர் கை பட்ட பொருள். அந்த ஆள் முதல் பக்கத்தில் பிள்ளையார் படம் வைத்திருந்தார். இவர் அதை எடுத்துவிட்டுக் கழுகுமலை முருகனை வைத்தார். ஒவ்வொரு புள்ளியாக வைத்து முருகன் வரைய மூன்று நாள் ஆனது. வேல் மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அப்புறம் அது எப்படி அந்த ஆளுடையதாகும்?

ஒரு சங்கடம் மட்டும் ஆகிவிட்டது. ரயிலில் வரும்போது சாதத்து எண்ணெய் இறங்கி ஒரு பிளாப்பி வீணாகிவிட்டது. எந்த வருடம் எந்த நாளில் என்ன நட்சத்திரம் என்கிற கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. அது இல்லாமல் மிஷினுக்கு ஒன்றும் தெரியாது. அதை யார் ஏற்றியது? நான்தான். பழைய பஞ்சாங்கங்களைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு விரலால் தட்டித் தட்டி நாற்பத்தைந்து வருடத்தை ஏற்றினேன். எட்டு மாதம். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் இது. விரல் நுனி மரத்துப்போய் அடுப்புச் சூடே தெரியாமல் போயிற்று.

குணசீலன் எதிர்ச் சாரியில் டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் வைத்திருந்தான். ஒரு ஜெராக்ஸ் மிஷினும் உண்டு. எங்கள் வீட்டில் ஒருத்தன் மாதிரி. என்னை மதினி என்றுதான் கூப்பிடுவான். எத்தனை நாள் என் கையால் சாப்பிட்டிருக்கிறான். அவர் அந்த டிபன் டப்பா கதையை அவனிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார், மனிதருக்கு வாயில் பூட்டுக் கிடையாது.

தை மாதம் பிறக்கப்போகிறது, கல்யாண சீசன், அந்த நேரம் பார்த்து மிஷின் படுத்துவிட்டது. திரையில் ஒரு எழுத்து இல்லை. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். குணசீலன்தான் வந்தான். ‘அண்ணாச்சி, தெறந்து பாத்துருவோம்’ என்றான். மதுரைக்குப் போய் ஏதோ சாமான் வாங்கி வந்தான். மூன்று நாள் எங்கள் கடையிலேயே உட்கார்ந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அவனுடைய பிளாப்பிகளில் இறக்கி, மிஷினைச் சரிபண்ணி, திரும்ப ஏற்றிக் கொடுத்தான். கூலி கேட்கவில்லை. சரி, நல்ல மனுஷன் என்று நினைத்தோம்.

அந்தப் பிளாப்பிகளை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை, அக்கா. அதுதான் திருட்டு.

மாசி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, எதிரே டைப்ரைட்டர்களை ஓரங்கட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. மேலே போர்டு. ‘மனிதக் கை படாத துல்லிய ஜாதகம்.’ துல்லிய! அந்த ஒரு சொல்தான் அவனுடையது. எங்கள் முருகனை எடுத்துவிட்டு மீனாட்சி படத்தை வைத்திருந்தான். ஒரு சாமியைத் தூக்கிவிட்டு இன்னொரு சாமியை வைத்தால் ஆயிற்றா? அவ்வளவு வருட உழைப்பு ஒரே நாளில் உன்னுடையது ஆகிவிடுமா?

இவர் ரோட்டில் நின்று கத்தினார். ‘சோறு தின்ன வீட்டுலயே கை வச்சிட்டியல நாயே!’

அவன் படியை விட்டு இறங்கவில்லை. சிரித்தான். ‘அண்ணாச்சி, நீங்க டிபன் டப்பாவுல கொண்டாந்தீக, நான் கையில கொண்டு போனேன். இதுல நாய் யாரு, நரி யாரு?’

தெருவே சிரித்தது. டீக்கடையில் நின்றவன் வாயிலிருந்து டீ தெறித்தது. இவர் கல்லை எடுத்து எறிந்தார். போர்டில் ‘துல்லிய’ என்கிற இடத்தில் பட்டு ஓட்டை விழுந்தது. அன்றைக்கு நாலு பேர் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

பங்குனியில் ஒரு மில் முதலாளி தன் பேத்திக்கு எங்களிடம் ஜாதகம் போட்டார். ஆறு வயதுப் பிள்ளை. மூலம் என்று வந்தது. அவர் வீட்டம்மா அழுது புரண்டு, எதுக்கும் எதிர்க் கடையிலும் பாப்போம் என்று அவனிடமும் போட்டார்கள். அங்கேயும் மூலம். அப்புறம் எட்டயபுரத்தில் ஒரு வயசாளி ஜோசியரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த ஆள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ‘எந்தக் கழுத போட்டது? புள்ளைக்குக் கேட்டைல்லா நட்சத்திரம்’ என்று இரண்டு தாளையும் தரையில் எறிந்துவிட்டாராம்.

மில் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். கடையில் ஆட்கள் நிறைய. எல்லார் முன்னாலும் எங்கள் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான் ஒருத்தன். ‘மனிதக் கை படலன்னு எழுதிப் போட்டிருக்கியே, இது படுதான்னு பாரு’ என்று சொன்னான், அறைந்தான். மறுபடி சொன்னான், மறுபடி அறைந்தான். எத்தனை என்று நான் எண்ணவில்லை. உதடு கிழிந்து முருகன் படத்துத் தாளில் ரத்தம் சொட்டியது. எதிர்க் கடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? அவனிடமும் போனார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, ‘நான் இவுககிட்டருந்து எடுத்ததுதான், அப்படியே வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டான். வாயாலேயே ஒப்புக்கொண்டான் பாருங்கள். அவனுக்கு ஒரே அறை.

கடையைச் சாத்திவிட்டு இவர் வீட்டுக்கு வந்தார். பஞ்சாங்கத்தை எடுத்தார். குரோதன வருடம், ஆடி மாதம். ஒன்பதாம் தேதியிலிருந்து அந்தப் பக்கம் முடிகிற வரை எட்டு நாள், மிஷினில் எல்லாம் ஒரு நாள் முந்தி விழுந்திருந்தது. ஒன்பதாம் தேதி வரி விட்டுப்போயிருந்தது. ஒரு வரி விட்டால் நாளை நட்சத்திரம் இன்றைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டையில் பிறந்தது மூலமாகிவிடும்.

‘இத ஏத்துனது நீதானட்டி?’ என்று கேட்டார். கேட்கும்போதே கன்னத்தில் ஒன்று விழுந்துவிட்டது. காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அது இன்றைக்கும் சில நாள் கேட்கும்.

ஒரு வரி, அக்கா. எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பால் பொங்கிவிட்டது. எழுந்து ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரல் எந்த வரியில் இருந்ததோ. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு வரி யாருக்குத்தான் விட்டுப்போகாது? ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன். உதட்டில் ரத்தம் காயவில்லை. இரண்டாவது அடி ஓங்கியிருந்தார். நான் என்ன செய்வேன்?

‘நான் சரியாத்தான் ஏத்துனேன். மிஷினத் தெறந்து மூணு நாளு உக்காந்திருந்தானே, அவன்தான் கை வச்சிருப்பான்’ என்றேன்.

ஓங்கின கை அப்படியே நின்றது. அவ்வளவுதான் நான் சொன்னது. வெட்டு என்றோ குத்து என்றோ சொல்லவில்லை. போய் முகத்தைக் கழுவுங்கள் என்றுதான் சொன்னேன்.

அவர் முகம் கழுவவில்லை. என் தம்பிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். மத்தியானம் பன்னிரண்டு மணி, நல்ல வெயில். நானும் பின்னால் ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று வையுங்கள். பெரிய தம்பி திரையைத் தூக்கி ரோட்டில் போட்டான். டப் என்று வெடித்தது, கண்ணாடித் தூள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி பறந்தது. சின்னவன் பிரிண்டரைச் சுவரில் அடித்தான். குணசீலன் பிளாப்பிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தான். இவர் அவனைத் தள்ளினார். விழுந்தான். விழுந்த வேகத்தில் வலது கையை வாசல் இரும்புச் சட்டத்தில் ஊன்றினான். இவர் எம்பி ஷட்டரைப் பிடித்தார்.

‘குரோதன ஆடி ஒம்பதுல கை வச்ச கைதானல இது!’

அப்படிக் கத்திக்கொண்டே இழுத்தார். ஷட்டர் இறங்குகிற சத்தம் தெரியுமே உங்களுக்கு, தடதடவென்று, அந்தச் சத்தம் நடுவில் ஒரு இடத்தில் மாறியது. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்தான். இவரை இல்லை, என்னை. அப்புறம்தான் கத்தினான்.

அவன் பெண்டாட்டி செல்லத்தாய் பக்கத்துச் சந்து வழியாக ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்தாள். என் தம்பி கையைக் கடித்து ஒரு துண்டைத் துப்பினாள். நான் கீழே கிடந்த கீபோர்டை எடுத்து அவள் தோளில் அடித்தேன். அடித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? கட்டைகள் எல்லாம் சோளப்பொரி மாதிரிச் சிதறின. அவள் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற அந்தப் பிரிண்டர் தாளை நீளமாகக் கிழித்துப் புருஷன் கையில் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் அண்ணன்மார் வந்தார்கள். பெரிய தம்பிக்கு முதுகில் பதினெட்டுத் தையல். எங்கள் கடைக் கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. என் வெல்வெட்டு உறையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மிஷினை மட்டும் நான் முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதனால் தப்பித்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஜெயிலுக்குள் போனார். அவன் எங்கள் மேல் கேஸ், நாங்கள் அவன் மேல் திருட்டுக் கேஸ். எங்கள் வக்கீல் கெட்டிக்காரர். அவர் சொன்னார், ‘ரெண்டு மிஷின்லயும் ஒரே எடத்துல ஒரே தப்பு இருக்கு பாத்தீகளா, அதுதான் நமக்குச் சாட்சி. அவன் நம்மள்த அப்படியே எடுத்திருக்காங்கறதுக்கு வேற அத்தாட்சி வேண்டாம். அந்த எட்டு நாளத் திருத்திராதீக. கேஸு முடியற வரைக்கும் அதுல கை வைக்கக் கூடாது.’

அதனால் திருத்தவில்லை. நாலு வருடம் கேஸ் நடந்தது. அவர் ஜாமீனில் வந்தார், போனார், வந்தார். கடையை நான் நடத்தினேன். எட்டாம் வகுப்புப் படித்தவள் கம்ப்யூட்டர் கடை நடத்தினேன், சும்மாவா? பிறந்த தேதி சொல்வார்கள், தட்டுவேன், தாள் வரும், கொடுப்பேன். அந்த எட்டு நாளில் பிறந்தவர்கள் வந்தார்களா என்று கேட்காதீர்கள். வந்திருப்பார்கள். இரண்டு பேர், மூன்று பேர். நான் முகத்தைப் பார்க்கமாட்டேன். எட்டு நாளில் எத்தனை பிள்ளைகள் பிறந்துவிடப் போகிறது? அதுவும் சின்னப் பிள்ளைகள். கல்யாணத்துக்குள் வேறு எங்காவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஜோசியர்கள் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள், பஞ்சாங்கத்தைத் திரும்ப யாரும் புரட்டமாட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கடைசியில் கோர்ட்டில் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அதே மாம்பலத்து ஆளின் புரோகிராம் புதிதாக, பிள்ளையார் படத்தோடு, ஜெராக்ஸ் கடைக்கு ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. எங்கள் முருகனும் போனார், அவன் மீனாட்சியும் போனாள். அவன் அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழிலுக்குப் போய் மூன்று விரலால் மேலே வந்துவிட்டான். இவர் இந்தக் கட்டிலுக்கு வந்துவிட்டார்.

இதுதான் அந்த வீட்டுக் கதை. இப்போது சொல்லுங்கள், நம்பிக்கைத் துரோகம் பண்ணினவன் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவீர்களா?

ஜாதகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்களா? கொடுங்கள் பார்ப்போம். என் கண்ணாடியை எங்கே வைத்தேன்? தலையிலேயே இருக்கிறது. மஞ்சள் தடவித் தடவி மடிப்பெல்லாம் விட்டுப்போயிருக்கிறதே. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அப்படியானால் பழைய தாள். அவன் கடையில் போட்டதாகத்தான் இருக்கும், மீனாட்சி...

மீனாட்சி இல்லை.

இது முருகன். வேல் கோணலாக இருக்கிறது.

யார் வந்து வாங்கினது? உங்கள் வீட்டுக்காரரா? இங்கே சொந்தக்காரர் காதுகுத்துக்கு வந்தபோதா? கீழே தேதி இருக்கிறது பாருங்கள். கேஸ் நடந்த வருடம். அவர் அப்போது கடையில் இல்லை. நான்தான் இருந்தேன்.

கோமதி. குரோதன வருடம். ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி. இதில் பென்சிலால் யார் கோடு போட்டது?

பிள்ளை பிறந்தபோது ஊரில் யாராவது ஜாதகம் எழுதினார்களா? என்ன நட்சத்திரம் என்று எழுதினார்கள்? உங்களுக்கு நினைவிருக்கும், சொல்லுங்கள். கேட்டை என்றா? அந்த ஏடு எங்கே? கம்ப்யூட்டர் மாற்றிச் சொல்கிறது, கை எழுத்துதான் தப்பு என்று கிழித்துப் போட்டுவிட்டாரா உங்கள் வீட்டுக்காரர்?

பதினான்கு இடம்.

அழாதீர்கள், அக்கா. அழுதால் உள்ளே கேட்கும். மோரைக் குடியுங்கள்.

இந்த வீட்டை யார் காட்டினது என்று கேட்டேனே, நீங்கள் சொல்லவே இல்லை. யார் அனுப்பினது? அவனா? குணசீலனே அனுப்பினானா? இந்தப் பென்சில் கோடும் அவன் போட்டதுதானா? என்ன சொல்லி அனுப்பினான்? ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்.

‘நான் சொன்னா மகனுக்குப் பொண்ணு வேணும்னு சொல்லுதேன்னு நெனப்பீக. அந்த மதினிகிட்டப் போயி தேதிய மட்டும் காட்டுங்க. அவுக சொன்னாத்தான் உங்களுக்கு மனசு ஆறும்.’

மதினி என்றா சொன்னான்? இன்னும் மதினி என்றா?

இருபது வருடமாக இதே தெருவில் காய்கறி வாங்கப் போகிறேன். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷட்டருக்குக் கீழே கிடந்து அவன் பார்த்தான் என்றேனே. அப்போதே அவனுக்குத் தெரியும் போல. ஏற்றினது யார் என்று அவனுக்குத் தெரியாதா? நான் ஒரு விரலால் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு, ‘மதினி, ரெண்டு வெரல் வைங்க, சீக்கிரம் முடியும்’ என்று கேலி பண்ணினவன்தானே. கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். அது வேறு விஷயம். ஆனால் சொல்லியிருக்கலாம் அல்லவா?

என்ன திமிர் பாருங்கள். என் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறான். முடியாது. இந்தத் தாளை இப்படியே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டால் என்ன செய்வான்? நீங்கள் பயப்படாதீர்கள், கிழிக்கவில்லை. விடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள், உண்மையிலேயே கிழிந்துவிடும்.

இருங்கள், அவர் கூப்பிடுகிறார்.

என்னங்க? ஒண்ணுமில்ல. சங்கரன்கோயில்லருந்து ஒரு அக்கா வந்திருக்காக. ஜாதகம். ஆமா, நம்ம கடையில போட்டது. நம்ம முருகன்தான்.

அவர் என்ன சொல்கிறார் என்று உங்களுக்குப் புரியாது, குழறுகிறது. நம் மிஷினில் போட்டதென்றால் தப்பே இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு முடிக்கச் சொல் என்கிறார்.

சரிங்க. சொல்லிட்டேன்.

அக்கா, அந்தக் காலண்டருக்குப் பின்னால் ஒரு பேனா செருகியிருக்கும், எடுங்கள். தாளை மேஜையில் விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பேசாதீர்கள். மூலம் என்று இருக்கிற இடத்தை ஒரு கோடு அடிக்கிறேன். மேலே எழுதுகிறேன். கே... ட்டை. கட்டத்தில் சந்திரனும் ஒரு வீடு முந்தி வரவேண்டும், தனுசில் அடித்துவிட்டு விருச்சிகத்தில் போடுகிறேன். பெண்ணுக்குக் கேட்டை என்றால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். சுதாகர்தான் மூத்தவன், அண்ணனே கிடையாது. பிறகென்ன? எந்த ஜோசியரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே கையெழுத்தும் போடுகிறேன். சண்முகக்கனி. எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும்.

அவனிடம் போய்க் காட்டும்போது ஒன்று சொல்லுங்கள். பிளாப்பியைத் திருப்பிக் கொடுக்காதவன் திருடன்தான். அதில் மாற்றமில்லை. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டாலும் வரமாட்டேன். செல்லத்தாய் கையால் சோறு வாங்கித் தின்ன எனக்கு மனசில்லை. பிள்ளைக்கு மாத்திரம் நல்ல புடவையாக எடுங்கள். ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவள்.

அதற்குள் மடிக்கிறீர்களே. மடிக்காதீர்கள் அக்கா, மை காயட்டும்.